பத்துப் படி அரிசியும் ஒரு சைபரும்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன் நான். அந்த நான் இந்தத் திருச்சியில் என்னென்ன கட்டினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடியோடு ஓர் அரிசி மண்டி. கடன் கேட்டபோது சிரித்து அனுப்பினார்களே, அவர்கள் கண்ணெதிரிலேயே ஒரு சோடா கம்பெனி. சத்திரத்துப் பக்கம் மூன்று மாடி லாட்ஜ். தோண்டினால் தண்ணீர் ஊறுகிற மண், இங்கே சுவர் நிற்காது என்று படித்த இன்ஜினீயர்கள் தலையை ஆட்டிய இடம் அது. சுவர் நிற்கிறது. இன்ஜினீயர்கள்தான் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இவை ஊருக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் என்றால் அது கப்பலா, மருந்தா என்று கேட்கிற அறுபதுகளில், அதற்கு ஆணை எழுதும் படிப்பு என் மண்டி மாடியில் நடந்தது. என் டின்களை வைத்து, என் அரிசியை வைத்து, என்னையே வைத்து நடந்தது.

அந்த மாடியில் எனக்கு அடுத்தடுத்து விழுந்த அதிர்ச்சிகளை இந்த வாரம் சொல்கிறேன்.

மிஷின் கொட்டிய அரிசி

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மண்டிக்கு விடுமுறை. மாடியில் கோணிப்புழுதி வாசனையும் புழுங்கலரிசி வாசனையும் கலந்து நிற்கிறது. பாயில் ஆணும் பெண்ணுமாக எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் நடுவில் நிற்கிறேன். என் கையில் மிட்டாய்ப் பெட்டியைக் கத்தரித்துச் செய்த மூன்று அட்டைகள். அதற்குக் கார்டு என்று பெயர்.

ஒன்றாம் கார்டு: படியை எடு. எடுத்தேன். இரண்டாம் கார்டு: அரிசியை மொள். மொண்டேன். மூன்றாம் கார்டு: சாக்கில் கொட்டு. கொட்டினேன்.

சாக்கின் வாய் கட்டியிருந்தது. அரிசி நாலா பக்கமும் சிதறி, மாடிப்படி வழியாக உருண்டு கீழே போயிற்று.

"ஐயையோ!" என்று எட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள். சொல்லிக் கொடுத்த சம்பத் மட்டும் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"பேஷ்! மிஷின் இப்படித்தான் பண்ணும். சாக்கோட வாயை அவிழ்னு யாராவது கார்டுல எழுதினேளா? இல்லையே! அப்புறம் மிஷினைக் கோச்சுண்டா எப்படி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் தம்பி, லட்சக்கணக்குல கொட்டி வாங்குற மிஷினுக்கு ஒரு சாக்கு கட்டியிருக்கறது தெரியாதா? செக்கு மாடுகூட வழியில கல்லு கிடந்தா ஒதுங்கிப் போகுமே!"

"மாடு யோசிக்கும், மண்டிக்காரரே. மிஷினுக்கு யோசனையே கிடையாது. சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது. நீங்களும் அப்படியே இருக்கணும்."

யோசிக்கக் கூடாது என்று என்னிடம் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

மிஷின் இல்லாத வகுப்பு

சம்பத் ஸ்ரீரங்கத்துப் பிள்ளை. கோயில் கைங்கரியக் குடும்பம். இருபத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் திருமண், சட்டைப் பையில் மூன்று பேனா. ஒரு பெரிய ஆபீசில் வேலை. அந்த ஆபீசின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்களுக்குத் தெரியும்.

அந்த ஆபீசுக்கு ஒரு மிஷின் வரப்போகிறது, அதற்கு ஆணை எழுத ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தது. பம்பாயிலிருந்து ஆட்களைக் கூட்டி வரலாம் என்றார்கள் மேலிடத்தில். "எதற்கு? எஸ்.எஸ்.எல்.சி. படித்த உள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தருகிறேன்" என்று சம்பத் வாய்விட்டுவிட்டார். சரி, மெட்ராசிலிருந்து ஓர் அதிகாரி வந்து பரீட்சை வைப்பார், எட்டுப் பேரும் சேர்ந்து எழுதும் ஆணை சரியாக ஓடினால் எட்டுப் பேருக்கும் வேலை, தப்பினால் பம்பாய் ஆட்கள் என்று முடிவாயிற்று.

ஆள் சேர்ந்தது. மிஷின் வரவில்லை. அது எங்கோ துறைமுகத்தில் கிடந்தது. இல்லாத மிஷினை வைத்து எப்படிச் சொல்லித் தருவது?

அரிசி வாங்க வந்த இடத்தில் என் மண்டி மாடியைப் பார்த்ததும் சம்பத்துக்குக் கண் விரிந்தது. காலி மண்ணெண்ணெய் டின்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு நம்பர் எழுதினார். உள்ளே ஒரு சிலேட்டுப் பலகை வைத்தார். அதுதான் மிஷினின் ஞாபகசக்தியாம். "சரி, மிஷின் யார்?" என்றார். எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

இடம் என்னுடையது, டின் என்னுடையது, அரிசி என்னுடையது. மிஷினை மட்டும் வெளியிலிருந்தா கொண்டுவருவது? நான் எழுந்து நின்றேன்.

காணாமல் போன ஐந்து

படிக்கிறவர்களுக்கும் விளங்கட்டும் என்று ஒரு பாடத்தை இங்கே சொல்கிறேன்.

ஒரு டின்னில் ஒரு பலகை. ஒரு பலகையில் ஒரே ஓர் எண். புது எண்ணை எழுத வேண்டுமானால் பழையதை அழிக்க வேண்டும். அழித்தது திரும்பி வராது. இவ்வளவுதான் சட்டம்.

ஒன்றாம் டின்னில் ஐந்து இருக்கிறது, இரண்டாம் டின்னில் எட்டு இருக்கிறது, இரண்டையும் இடம் மாற்றுங்கள் என்றார் சம்பத். பாலக்கரையிலிருந்து வருகிற காதர் முந்திக்கொண்டார். அவர் அண்ணன் தையல்கடைக்காரர். காதர் பி.யு.சி. வரைக்கும் படித்தவர், வாய் ஓயாது. "இது என்ன சார், பச்சப்புள்ளைக்கு வைக்கிற கணக்கு" என்று இரண்டு கார்டு எழுதிக் கொடுத்தார். இரண்டில் இருப்பதை ஒன்றில் எழுது. பிறகு ஒன்றில் இருப்பதை இரண்டில் எழுது.

எழுதினேன். திறந்து பார்த்தால் இரண்டு டின்னிலும் எட்டு!

"யா அல்லா! அஞ்சு எங்கே போச்சு?"

"நீங்கதானே பாய் அழிக்கச் சொன்னீங்க?" என்றேன்.

"நான் எங்கே அழிக்கச் சொன்னேன்? எழுதத்தானே சொன்னேன்!"

"எழுதணும்னா அழிச்சுத்தானே ஆவணும்?"

காதர் டின்னைக் கவிழ்த்துத் தட்டியே பார்த்துவிட்டார், ஐந்து அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணெதிரே இருந்த ஓர் எண், என் கையாலேயே, தடயமில்லாமல் போய்விட்டதே என்று நானும் டின்னுக்குள் எட்டிப் பார்த்தேன். வியாபாரிக்குத்தான் தெரியும் அந்தப் பயம்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஒரு செம்புல பாலும் ஒரு செம்புல மோரும் இருந்தா, மாத்தறதுக்கு மூணாவது செம்பு ஒண்ணு எடுப்போம்ல? அது மாதிரி மூணாவது டின்ல அஞ்சை எழுதி வச்சுக்கிட்டா என்னங்க?"

பேசியது என் தங்கை தனம்.

என் வீட்டில் என்ன குறை?

தனத்தை மருங்காபுரிப் பக்கம் கொடுத்தோம். கட்டியவன் இன்னொருத்தியோடு போய்விட்டான். போய் அழைத்து வந்தவன் நான். என் வீட்டிலேயே ஒரு தனி அறை கொடுத்தேன். பண்டிகைக்குச் சேலை, கோயிலுக்குப் போக வண்டி, எதிலும் குறை வைத்தவனில்லை.

இந்த வேலைக்கு மனுப் போட்டதைக்கூட அவள் எனக்கு அப்புறம்தான் சொன்னாள். பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டேன். நாலைந்து வகுப்பு முடிந்த பிறகு, டின்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்.

"அண்ணே, வேலை கிடைச்சா ஸ்ரீரங்கத்துல ஒரு போர்ஷன் பாத்துக்கிட்டுப் போயிடறேன்."

"எதுக்கு? இங்க என்னம்மா குறை?"

"குறை ஒண்ணுமில்லண்ணே."

"உங்க அண்ணி ஏதாவது சொன்னாளா?"

"அவங்க தங்கமானவங்க. ஒரு தலைவலி மாத்திரைன்னாலும் யாரையாவது கேக்க வேண்டியிருக்குல்ல, அதான்."

"நான் என்னைக்காவது இல்லேன்னு சொல்லியிருக்கேனா?"

"சொன்னதே இல்ல. ஆனா கேக்க வேண்டியிருக்கு."

மூன்று மாடி கட்டியவன் நான். அந்த ஒரு பேச்சைக் கேட்டு, அவள் அடுக்கி வைத்த டின்களையே எடுத்து மறுபடி அடுக்கினேன். மருங்காபுரியிலிருந்து அவளைக் கூட்டி வந்த அன்றுகூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இல்லை.

மண்டிக்குள் வராத எண்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

துறையூரிலிருந்து கட்டிய வேட்டியோடு வந்து, காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய காலம். நான் வேலை பார்த்த மண்டியில் ஒருநாள் ஓர் அம்மாள் சீரகச்சம்பா கேட்டாள். "இல்லைம்மா, தீந்துபோச்சு" என்றேன். பின்னாலிருந்து பொறி பறக்க ஓர் அறை விழுந்தது. முதலாளி! "அரிசி வச்சுப் பொழைக்கிற எடத்துல இல்லைன்னு சொல்லுவியா? நெறைஞ்சிருக்கு, நாளைக்கு வாங்கன்னு சொல்லுடா!"

அன்றைக்குப் பிடித்த வழக்கம். நான் சொந்தமாக மண்டி வைத்த பிறகும் அதை விடவில்லை. முதல் படியை அளக்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டோம், "லாபம்" என்போம். அடுத்தது ரெண்டு, மூணு என்று போகும். வெறும் சைபரை என் மண்டிக்குள் எவரும் எழுதக் கூடாது, வாயால் சொல்லவும் கூடாது. பத்தில் வருகிற சைபர் வேறு, அதற்கு முன்னால் ஒன்று துணைக்கு நிற்கிறது. தனியாக நிற்கிற சைபர், காலிப் பானை.

அளந்து எண்ணும் பாடம் வந்தபோது சம்பத் சொன்னார், "எண்ணறதுக்கு முன்னாடி டின்ல சைபர் எழுதச் சொல்லி ஒரு கார்டு வேணும்."

"அது மட்டும் இங்க நடக்காது, தம்பி" என்றேன்.

சம்பத்தும் ஆசாரமான வீட்டுப் பிள்ளை. புரிந்துகொண்டார். "சரி, துடைச்ச பலகையும் சைபர் மாதிரிதானே. துடைச்சே வெச்சுடுங்கோ" என்று விட்டுக்கொடுத்தார். அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் தனம் முந்தானையால் பலகையைத் துடைத்து வைப்பாள். நான் முதல் படியைக் கொட்டிவிட்டு, லாபம் என்று சொல்லி ஒன்று எழுதுவேன். எல்லாம் சரியாகவே ஓடிற்று. ஒருமுறைகூடத் தப்பவில்லை.

கோட்டுக்காரர் வந்த நாள்

மெட்ராஸ் அதிகாரி வந்தார். அந்த வெயிலிலும் கோட்டு. மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. டின்களைப் பார்த்தார், அரிசி அம்பாரத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"மிஸ்டர் சம்பத், மிஷின் எங்கே?"

"இவர்தான் சார். மண்டி முதலாளி."

"முதலாளியே மிஷினா? பேஷ். இந்த மிஷின் காப்பி குடிக்குமா?"

"கார்டு போட்டா குடிக்கும் சார்" என்றார் காதர். கோட்டுக்காரர் சிரிக்கவில்லை.

பரீட்சை இதுதான்: பத்துப் படி அரிசியைச் சாக்கில் அளந்து கொட்டிவிட்டு மிஷின் தானே நிற்க வேண்டும். பத்துத் தடவை அளக்கும்படி பத்துக் கார்டு எழுதக் கூடாது. ஒரே கார்டுகள் திரும்பத் திரும்ப ஓட வேண்டும்.

எட்டுப் பேரும் கூடிப் பேசி எழுதினார்கள். சாக்கின் வாயை அவிழ். ஒரு படி மொண்டு சாக்கில் கொட்டு. ஒன்றாம் டின்னில் இருப்பதோடு ஒன்றைக் கூட்டி எழுது. அது பத்து என்றால் நில். இல்லையென்றால் மொள்ளும் கார்டுக்குத் திரும்பிப் போ. எத்தனை அழகு பாருங்கள்! பத்துப் படிக்கும் அதே கார்டுகள்தான், பத்தாயிரம் படிக்கும் அதே கார்டுகள்தான்.

வழக்கம்போலத் தனம் பலகையைத் துடைக்கப் போனாள். கோட்டுக்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ ஏன்மா துடைக்கறே? அது கார்டுல இருக்கா?"

"இல்லீங்க..."

"அப்ப மிஷின் துடைக்காது. இதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் வேலை முடிச்சுட்டுப் போயிருப்பார். அவர் விட்டுட்டுப் போன நம்பர் உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கும்." சாக்பீஸை எடுத்து ஒன்றாம் டின் பலகையில் ஏழு என்று எழுதினார். "இப்ப ஓட்டு."

நான் மிஷின். யோசிக்கக் கூடாது. முதல் படியைக் கொட்டினேன். ஏழோடு ஒன்று எட்டு. அடுத்த படி. ஒன்பது. அடுத்த படி. பத்து. நில் என்றது கார்டு. நின்றேன்.

கோட்டுக்காரர் சாக்கை ஒரு கையால் அனாயாசமாகத் தூக்கிக் காட்டினார். "பலகை சொல்லுது பத்துப் படி. சாக்குல இருக்கறது மூணு. வாங்கினவன் என்ன சொல்வான்?"

பத்து என்று சொல்லி மூன்று! என் மண்டியில்! என் கையால்! அளவு குறைந்தது என்று ஒரு குஞ்சு குளுவான்கூட என் படி ஏறி வந்ததில்லை. அன்றைக்கு எட்டுப் பேர் பார்க்க, மெட்ராஸ்காரர் பார்க்க, நான் அளவு குறைத்தேன்.

"அவ்வளவுதானே? பம்பாயில ஆள் ரெடியா இருக்காங்க, மிஸ்டர் சம்பத்" என்று கோட்டுக்காரர் எழுந்தார்.

"ஐயா, ஒரே ஒரு நிமிஷம் உட்காருங்க." தனம்தான். "இன்னும் ஒரே ஒரு கார்டு மட்டும் எழுதிக்கறோம்."

கோட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார். தனம் எழுதினாள். கட்டின் மேலே அந்தக் கார்டை வைத்து என் கையில் கொடுத்தாள். ஏழு என்று மறுபடியும் பலகையில் எழுதி வைத்தார் கோட்டுக்காரர்.

மேல் கார்டைப் படித்தேன். ஒன்றாம் டின்னில் சைபர் எழுது.

மிஷின் நின்றுவிட்டது

என் தங்கை. என் சோறு தின்கிறவள். எதை எழுதக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? என் மண்டியில், என் பலகையில், என் கையாலேயே எழுதச் சொல்கிறாள். நான் அசையவில்லை.

சம்பத் எழுந்து வந்தார். "மண்டிக்காரரே, உங்களுக்கு மனசு ஒப்பலேன்னா நான் மிஷினா இருக்கேனே?"

"நடுவுல மிஷினை மாத்தக் கூடாது" என்றார் கோட்டுக்காரர். "என்ன, ரிப்பேரா?"

"பாய், எண்ணெய் போடணுமோ?" என்று பின்னாலிருந்து யாரோ காதரைக் கேட்டார்கள். காதர் "உஷ்" என்றார்.

தனம் எனக்கு எதிரே வந்து நின்றாள். கெஞ்சவில்லை. "அண்ணே, இப்ப நீங்க மண்டிக்காரர் இல்ல, மிஷின்" என்றாள்.

எழுதமாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். ஒருவரும் என்னைக் குறை சொல்லியிருக்க முடியாது. என் மண்டி, என் வழக்கம். எட்டுப் பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். தனம் என் வீட்டு அறையிலேயே இருந்திருப்பாள். பண்டிகைக்குச் சேலை எடுத்திருப்பேன்.

அந்தச் சாக்கைப் பார்த்தேன். மூன்று படி அரிசி அடியில் சுருங்கிக் கிடந்தது. தனத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு என்றிருந்ததை அழித்தேன். வட்டமாக, பெரிதாக, ஒரு சைபர் போட்டேன். வட்டம் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. சாக்கிலிருந்த மூன்று படியைக் கோட்டுக்காரர் அம்பாரத்தில் திருப்பிக் கொட்டினார்.

முதல் படியை மொண்டு கொட்டினேன். என்னை அறியாமல் மாடி அதிரக் கத்தினேன், "லாபம்!"

கோட்டுக்காரர் துள்ளிவிட்டார். "வாட் இஸ் லாபம்?"

"ஒண்ணுங்க சார்" என்றார் காதர். "எங்க ஊர் மிஷினுக்கு ஒண்ணுன்னா லாபம்."

பத்து வந்தது. நின்றேன். கோட்டுக்காரர் நம்பவில்லை. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சாக்கைப் பாயில் கவிழ்த்துத் தன் கையாலேயே ஒன், டூ என்று அளந்தார். பத்துப் படி. ஒரு பிடி கூடவில்லை, குறையவில்லை.

"முதல் கார்டு யார் எழுதினது?"

"நான்தாங்க."

"இந்த வேலையில பாதி அதுதான்மா. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்." கோட்டை மாட்டிக்கொண்டார். "எட்டுப் பேரும் வரலாம்."

போர்ஷன்

அம்மா மண்டபம் ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு சந்தில் இரண்டு கட்டுப் போர்ஷன். தனம் தானே பார்த்தாள், தானே பேசி முடித்தாள். சாமான்களை என் லாரியில்தான் ஏற்றிப் போனேன். வேறு வண்டி வைக்க விடவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போனேன். கதவைத் திறந்தவள், "வாங்கண்ணே, உக்காருங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். விருந்தாளிக்குப் போடுவதுபோல. காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அதுவரை அவள்தான் என்னைக் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். டம்ளர் சுட்டது. கீழே வைக்காமல் குடித்து முடித்தேன்.

நல்ல காப்பி. என் வீட்டுக் காப்பியைவிட நல்ல காப்பி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆபீஸ் சமீபத்தில் ஒரு விழா மலர் வெளியிட்டிருக்கிறது. பேரன் கொண்டுவந்து காட்டினான். கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். சம்பத்தின் பெயர் இருக்கிறது, நியாயம். தனத்தின் பெயர் இருக்கிறது, ஓய்வு பெற்றபோது எடுத்த படமும் இருக்கிறது, ரொம்ப நியாயம். காதர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். கோட்டுக்காரர் கோட்டோடு இருக்கிறார். துறைமுகத்திலிருந்து பிறகு வந்து சேர்ந்த அந்த மிஷினுக்கு முழுப் பக்கத்தில் படம். அதன் கீழே, 'எங்கள் முதல் மிஷின்' என்று போட்டிருக்கிறார்கள்.

படித்ததும் எனக்கு மயக்கமே வந்துவிட்டது. பச்சைப் பொய்.

அந்த இரும்பு வருவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு மிஷின் இருந்தது. யோசிக்காதே என்றபோது யோசிக்காமல் நின்றது. சைபர் எழுது என்றபோது எழுதியது. வாடகை வாங்கவில்லை, ரிப்பேருக்கு ஆள் கூப்பிடவில்லை. அந்த மலரை மறுபடி அச்சடிக்கும்போது பக்கத்தைத் திருத்துங்கள். படம் போட வேண்டாம். பெயர் போதும்: காந்தி மார்க்கெட் அரிசி மண்டி நாகப்பன். முதல் மிஷின்.